கெல்ப் காடு: கடலூரில் கேட்டார்கள், சொன்னேன்

பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவன் நான். குளிர்கடல்களில் கெல்ப் என்னும் பாசிக்காடு அழிந்துவருவது பற்றி தேவனாம்பட்டினம் நண்பர்கள் சில கேள்விகள் கேட்டிருந்தார்கள்.

சில்வர் பீச்சில் கெல்ப் ஒதுங்குமா சார்? (கல்லூரி மாணவி)

ஒதுங்காதும்மா. 20 டிகிரி தாண்டினாலே அதற்குத் திணறல். நம் கடல் பெரும்பாலும் 26-லிருந்து 30. புதுச்சேரி கடற்கரைக் கற்களில் வழுக்கிவிடுகிறதே, அது பச்சைப்பாசி. மண்டபம் பக்கத்து சர்காசம் கெல்ப் போலப் பழுப்புப்பாசிதான், ஆனால் வேறு கூட்டம். ராட்சத கெல்ப் 45 மீட்டர் வரை போகும், நம் தென்னையைவிட உயரம்.

தண்ணி சூடானா செத்துடுமா? (படகுக்காரர்)

சூட்டோடு பசியும் சேர்ந்துதான் கொல்கிறது, அண்ணே. அடியிலுள்ள குளிர்ந்த தண்ணீர் மேலே வந்தால்தான் நைட்ரேட் கிடைக்கும். மேல்தண்ணீர் சூடேறினால் மூடி போட்ட மாதிரி ஆகி, உரம் கீழேயே தங்கிவிடும்.

அப்புறம் முள்ளெலி. நிலத்து முள்ளெலி இல்லை, உடம்பெல்லாம் முள்ளோடு கடலடியில் ஊர்ந்து கெல்ப்பை மேயும் உருண்டைப் பிராணி (sea urchin). கலிபோர்னியாவில் 2013-இல் நட்சத்திர மீன்களுக்கு ஒரு நோய் வந்து, கைகள் கழன்று கரைந்தே போயின. முள்ளெலியைத் தின்னும் சூரியகாந்தி நட்சத்திர மீனும் அதில் போயிற்று. மறுவருடமே கடல் வெப்ப அலை, 2016 வரை. இளைத்த பாசி, கேட்பாரில்லாத முள்ளெலி. வடக்குக் கலிபோர்னியாவில் கெல்ப் காட்டில் 90 சதவீதத்துக்கு மேல் காணாமல் போனது. கெல்ப்பைத் தின்று வாழும் அபலோன் என்னும் கடல் நத்தைகள் பட்டினியில் சாக, 2018-இல் அதைப் பிடிக்கவே தடை.

நோன்புக்கு நாங்க காய்ச்சுற கடல்பாசி இதுதானா? (இல்லத்தரசி)

இல்லக்கா, அது சிவப்புப்பாசியில் எடுக்கிற அகர். கெல்ப்பிலிருந்து வருவது ஆல்ஜினேட் என்னும் கூழ்ப்பொருள், ஐஸ்கிரீமில் சேர்ப்பார்கள்.

சூடு தணிஞ்சா திரும்ப முளைக்காதா? (மாணவி)

அங்கேதான் வயிற்றெரிச்சல். முள்ளெலி பட்டினி கிடந்தே வருடக்கணக்கில் உயிரோடிருக்கும். குருத்து விட்டதும் மேய்ந்துவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவில் வேறு கதை. 2011 வெப்ப அலையில் சுமார் 100 கிலோமீட்டர் கரையில் கெல்ப் போனது. வெப்பக்கடல் மீன்கள் அங்கே குடியேறி, முளைப்பதைக் கொறித்துவிடுகின்றன.

முள்ளெலியப் பிடிச்சு வித்துட வேண்டியதுதானே? (மறுபடி படகுக்காரர்)

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் அப்படித்தான் செய்கிறார்கள். உள்ளேயிருக்கும் மஞ்சள் சினைக்கு நல்ல விலை. கலிபோர்னியாவில் பட்டினி முள்ளெலியை உடைத்தால் உள்ளே ஒன்றுமில்லை. சினையில்லாத நண்டை நீங்களே வாங்க மாட்டீர்களே, அண்ணே. அதனால் அங்கே முங்குகிறவர்கள் சுத்தியல் கொண்டுபோய் ஒவ்வொன்றாக உடைக்கிறார்கள்.