படகின் பெட்ரோல் டேங்கில் தண்ணீர் இறங்கிவிட்டது: மருந்து ஊற்றினால் சரியாகுமா, எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டுமா?

கேள்வியில் இருப்பது இது: பின்புறம் வெளியே தொங்கும் அவுட்போர்டு எஞ்சின் பூட்டிய படகு, தளத்துக்கு அடியில் பதித்த 100 லிட்டர் அலுமினிய டேங்க், பாதிக்கு மேல் பெட்ரோல். கரையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது. அலைக்குள் போன சற்று நேரத்தில் திணறி அணைந்துவிடுகிறது. ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தால் தண்ணீர் வருகிறது. தண்ணீரைக் கரைக்கும் மருந்தை ஊற்றி ஓட்டிவிடலாமா?

ஊற்றாதீர்கள். முதலில் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்ப்பதையும் நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறது. இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் உயர் அழுத்தப் பம்புக்கு உயவும் குளிர்ச்சியும் தருவது அதன் வழியாக ஓடும் பெட்ரோல்தான். அந்த இடத்தில் தண்ணீர், அதிலும் உப்புத் தண்ணீர் நின்றால் துரு பிடிக்க அதிக நேரம் ஆகாது.

கரையில் ஓடி அலையில் அணைவதற்குக் காரணம் எளிது. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 0.75 கிலோ, தண்ணீர் 1 கிலோ. அதனால் தண்ணீர் அடியில் தங்கிவிடும். டேங்கின் உறிஞ்சு குழாய் அடித்தட்டைத் தொடாது, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலே நிற்கும். அடிப்பரப்பு அரை சதுர மீட்டர் என்றால் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கே 5 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். படகு அசையாமல் நிற்கும்வரை அவ்வளவும் குழாய்க்கு எட்டாமல் கிடக்கும். அலையில் குலுங்கும்போதோ புதிதாகப் பெட்ரோல் ஊற்றும்போதோ கலங்கி உள்ளே இழுபடும். ஆகவே 'ஃபில்டரில் கொஞ்சம்தான் இருந்தது' என்பதை வைத்து டேங்கில் உள்ள அளவை முடிவு செய்ய முடியாது.

அடுத்து, உங்கள் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறதா என்பது தெரிய வேண்டும். வேலை சிறிதா பெரிதா என்பது இதில்தான் இருக்கிறது. எத்தனால் கலக்காத பெட்ரோல் தண்ணீரைக் கிட்டத்தட்ட ஏற்பதே இல்லை. தண்ணீர் தனியாக அடியில் நிற்கும், அதை எடுத்துவிட்டால் மேலே உள்ளது பழைய பெட்ரோல்தான். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அப்படியல்ல. 15 டிகிரி செல்சியஸ் சூட்டில் லிட்டருக்குச் சுமார் 5 மில்லி தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். 100 லிட்டருக்கு அரை லிட்டர் ஆகிறது. அந்த எல்லையைத் தாண்டினால், அல்லது எல்லையருகே இருக்கும்போது குளிர் கூடினால், எத்தனாலின் பெரும்பகுதி தண்ணீரோடு சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். இறங்கியது வெறும் தண்ணீர் அல்ல, எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்த கலவை. ஒரு லிட்டர் தண்ணீர் புகுந்திருந்தால்கூட அடியில் பல லிட்டர் நிற்பதற்குக் காரணம் அதுதான். மேலே மிஞ்சும் பெட்ரோலுக்கு ஆக்டேன் (எஞ்சினில் தட்டாமல் எரியும் திறனின் அளவு) இரண்டு மூன்று புள்ளி குறைந்திருக்கும். எவ்வளவு கலக்கினாலும் இரண்டும் பழையபடி ஒன்று சேராது.

சோதிப்பதற்கு ஃபில்டரில் இருந்ததையும், டேங்கின் அடியிலிருந்து மெல்லிய குழாய் விட்டு எடுத்ததையும் தனித்தனிக் கண்ணாடி ஜாடிகளில் ஊற்றி அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மேல்மட்டத்திலிருந்து எடுத்த மாதிரியால் பயன் இல்லை. தண்ணீர் இருந்தால் அடியில் தனி அடுக்காக நிற்கும், நடுவே ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாவிட்டால் தண்ணீரில் கரையும் சமையல் நிறமி இரண்டு சொட்டு விடுங்கள். அது பெட்ரோலில் ஒட்டாமல் இறங்கி அடியில் உள்ள அடுக்கை மட்டும் நிறமாக்கும். அடுக்கு எதுவும் இல்லாமல் பெட்ரோல் முழுவதும் பால் கலந்ததுபோல் மங்கலாக இருந்தால், பிரியும் எல்லையில் நிற்கிறது என்று பொருள். மதியம் தெளிவாகத் தெரிந்த பெட்ரோல் இரவுக் குளிரில் மங்கினாலும் அதே பொருள்தான்.

பிறகு மேல் அடுக்கில் எத்தனால் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். அளவுக்கோடு போட்ட 100 மில்லி உருளையில் 10 மில்லி தண்ணீர், அதன் மேல் 90 மில்லி பெட்ரோல் ஊற்றி, மூடிக் குலுக்கி நிற்க விடுங்கள். அடி அடுக்கு 10 மில்லியாகவே இருந்தால் எத்தனால் இல்லை. 19 மில்லி அளவுக்கு ஏறினால் 10 சதவீதம் இருக்கிறது. நீங்கள் வாங்கியது எத்தனால் கலந்த பெட்ரோல், ஆனால் சோதனையில் அடுக்கு ஏறவே இல்லை என்றால், எத்தனால் பிரிந்து அடிக்குப் போய்விட்டது.

மருந்துப் புட்டிகளின் விஷயத்துக்கு இப்போது வரலாம். அவற்றில் பல ஐசோப்ரோபைல் ஆல்கஹால் போன்ற ஒன்றை அடிப்படையாகக் கொண்டவை. எத்தனால் இல்லாத பெட்ரோலில் சில மில்லி ஈரத்தைக் கரைத்து எஞ்சின் வழியாக எரித்துவிட அவை உதவும். லிட்டர் கணக்கில் நிற்கும் தண்ணீரை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. எத்தனால் பிரிந்துவிட்ட பெட்ரோலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் முடியாது. ஜாடியில் கோடு தெரிகிறது என்றால் வெளியே எடுப்பது ஒன்றே வழி.

எடுக்கும் வேலையில் ஆபத்து தண்ணீரால் வருவதில்லை, பெட்ரோல் ஆவியால் வருகிறது. அது காற்றைவிடக் கனமானது. படகின் அடிப்பள்ளத்தில் குளமாகத் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். படகைத் தண்ணீரிலிருந்து வெளியே கொண்டுவந்து, திறந்த வெளியில் நிறுத்தி, எல்லா மூடிகளையும் திறந்து வையுங்கள். பேட்டரி வயரை டேங்கைத் திறக்கும் முன்பே கழற்றிவிடுங்கள், திறந்த பிறகு அல்ல. எண்ணெய்த் தீக்கு உரிய அணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வீட்டு வேக்குவம் கிளீனர், தண்ணீர் மோட்டார், டிரில்லில் பூட்டும் பம்பு எதுவும் கூடாது. கையால் அழுத்தும் பிரைமர் பல்பு போதும், மெதுவாக இழுப்பதே நமக்கு வேண்டியது. வாயால் உறிஞ்சவே கூடாது. வாங்கும் கலன் உலோகமாக இருக்கட்டும், தரையில் வையுங்கள், டேங்கின் உலோகத்தோடு ஒரு வயரால் இணையுங்கள். வெளியேற்றும் குழாயின் நுனி கலனின் அடியைத் தொட வேண்டும். உயரத்திலிருந்து சிதறி விழும் பெட்ரோலில் நிலைமின்சாரம் சேரும்.

டிரெய்லரில் படகை நேராக நிறுத்தினால் தண்ணீர் எல்லா மூலையிலும் பரவிக் கிடக்கும். டேங்கின் திறப்பு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் தாழும்படி சாய்த்து ஒரு இரவு முழுக்க விடுங்கள். டேங்குக்குள் குறுக்குத் தடுப்புகள் உண்டு. அவற்றின் சிறு துளைகள் வழியாகத்தான் தண்ணீர் நகர வேண்டும். அவசரப்பட்டால் பாதி அங்கேயே நிற்கும், அடுத்த வாரம் மீண்டும் எஞ்சின் அணையும்.

எரிபொருள் அளவு காட்டும் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளை வழியாக இறங்குவது வசதி. பெரும்பாலும் ஐந்து திருகுகள், இடைவெளி சமமாக இராது. எந்தத் திசையில் உட்கார்ந்திருந்தது என்று அடையாளம் வைத்துக் கழற்றுங்கள். அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் புதிதாகப் போட வேண்டியிருக்கும், முன்பே வாங்கி வையுங்கள். 8 அல்லது 10 மில்லிமீட்டர் செம்புக் குழாயின் நுனியைச் சாய்வாக வெட்டி, தாழ்ந்த மூலையின் அடிவரை விடுங்கள். சாய்வாக வெட்டாவிட்டால் வாய் அடித்தட்டில் ஒட்டிக்கொண்டு ஒன்றும் வராது. அவ்வப்போது ஒரு ஜாடியில் பிடித்துக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனால் இல்லாத பெட்ரோல் என்றால், சுத்தமாக வரத் தொடங்கிய பிறகும் 5 முதல் 10 லிட்டர் எடுத்துவிட்டு நிறுத்தலாம். எத்தனால் பிரிந்திருந்தால் மேல் அடுக்கையும் சேர்த்து முழுவதையும் இறக்குங்கள். கடைசியில் 5 லிட்டர் நல்ல பெட்ரோல் ஊற்றி, படகை அசைத்து, அதையும் அடியிலிருந்து இழுத்து எடுங்கள்.

எடுத்த கலவையைக் கடலிலோ சாக்கடையிலோ ஊற்றக் கூடாது. பழைய எண்ணெய், ரசாயனக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

டேங்க் சுத்தமானதும் பலர் நேராக ஸ்டார்ட் செய்கிறார்கள். ஹோஸ், பிரைமர் பல்பு, எஞ்சினின் உள் ஃபில்டர், கார்புரேட்டர் கிண்ணம் எல்லாவற்றிலும் பழையது இன்னும் நிற்கிறது. ஹோஸை எஞ்சின் பக்கம் கழற்றி, பல்பை அழுத்தி ஒன்றிரண்டு லிட்டரை ஜாடியில் பிடித்துப் பாருங்கள். கார்புரேட்டர் எஞ்சினில் ஒவ்வொரு கிண்ணத்தின் அடித்திருகையும் தளர்த்தி வடியுங்கள். அங்கே வெள்ளைப் பொடி தென்பட்டால் அது அரித்துப்போன அலுமினியம், கழற்றிச் சுத்தம் செய்யாமல் ஜெட் எனும் பெட்ரோல் நுண்துளையின் அடைப்பு தீராது. இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் உயர் அழுத்தப் பம்புக்கு முன்னால் ஆவி பிரிக்கும் சிறு டேங்க் ஒன்று உண்டு, அதற்கும் அடியில் வடிதிருகு இருக்கும். தண்ணீர் சிலிண்டர்வரை போயிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், எமர்ஜென்சி சுவிட்சின் கிளிப்பைக் கழற்றிவிட்டு ஸ்பார்க் பிளக்குகளை எடுத்து, எஞ்சின் பாதுகாப்பு எண்ணெயைத் தெளித்துக் கையால் சுழற்றுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் இதைத் தள்ளிப் போடக் கூடாது. அதன் பேரிங்குகளுக்கு எண்ணெய் பெட்ரோலோடுதான் வருகிறது, தண்ணீர் அதைக் கழுவிவிடும்.

அடுத்து, தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் ஒன்று டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்க வேண்டும். முழு வேகத்தில் 100 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் மணிக்குச் சுமார் 38 லிட்டர் குடிக்கும். ஃபில்டரின் ஓட்டத்திறன் அதைவிட அதிகமாக இருக்க வேண்டும். பூட்டும்போது அதன் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று கையால் இறுக்கினால் போதும். அடியில் பிளாஸ்டிக் கிண்ணம் உள்ளது திறந்த படகில் நல்லது, தண்ணீர் கண்ணுக்குத் தெரியும். மூடிய எஞ்சின் அறைக்குள் அது கூடாது, தீயில் உருகிப் பெட்ரோலைக் கொட்டிவிடும். இந்த ஃபில்டர் தனித் தண்ணீரை மட்டுமே பிடிக்கும், எத்தனாலோடு கலந்த தண்ணீர் அதைத் தாண்டிப் போய்விடும்.

இவ்வளவும் செய்தபின் தண்ணீர் வந்த வழியை அடைக்காவிட்டால் எல்லாம் வீண். பழி பெரும்பாலும் டேங்குக்குள் வியர்க்கும் ஈரத்தின் மேல் விழுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30 டிகிரியில் ஈரம் நிறைந்த 100 லிட்டர் காற்றில் இருக்கும் தண்ணீர் வெறும் 3 கிராம். லிட்டர் கணக்கில் வந்தது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அல்லது பெட்ரோலே தண்ணீரோடு வந்திருக்கிறது. அடி அடுக்கில் ஒரு ஸ்பூன் எடுத்து, நெருப்பில்லாத திறந்த வெளியில் கண்ணாடித் தட்டில் காய விடுங்கள். வெள்ளைப் படிவு நின்றால் கடல் நீர். அப்போது டேங்குக்குக் காற்று போய்வரும் குழாயின் வாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அலை அடிக்கும் பக்கத்தில் இருந்தால் இடம் மாற்றுங்கள், ஹோஸ் மேலே ஏறி வளைந்து பிறகே டேங்குக்கு இறங்க வேண்டும். படிவு இல்லை என்றால் மழையோ கழுவும் தண்ணீரோ. நிரப்பு மூடியின் வளையம் தட்டையாகவோ விறைப்பாகவோ இருந்தால் பெட்ரோல் தாங்கும் ரப்பரில் புதிது போடுங்கள். மூடிக்குக் கீழே தளத்துக்குள் மறைந்து போகும் ஹோஸில் வெடிப்பு, சென்சார் கேஸ்கெட்டின் மேல் தேங்கும் தண்ணீர், அலுமினிய அடித்தட்டில் ஊசித்துளை அரிப்பு, இவையும் உண்டு.

சரி செய்த பிறகு முதல் டேங்க் பெட்ரோல் முடியும்வரை கரையை ஒட்டியே ஓடுங்கள், ஒவ்வொரு முறை திரும்பியதும் ஃபில்டரைக் கவிழ்த்துப் பாருங்கள். படகில் ஒரு மாற்று ஃபில்டரும் அதைத் திருகும் பட்டைச் சாவியும், தனி ஹோஸ் உள்ள 12 லிட்டர் சிறு டேங்கில் நல்ல பெட்ரோலும் இருக்கட்டும். பெரிய டேங்க் மறுபடி கெட்டாலும் அந்த ஹோஸை நேராக எஞ்சினில் பூட்டிக் கரை சேரலாம்.