செவ்வாய்ப் படத்தோட பெயரைப் படிக்கிறது எப்படி? கேள்வி பதில்

சேலம் நாலு ரோடு பக்கம் முப்பது வருஷம் போட்டோ ஸ்டுடியோ வெச்சிருந்தவன் நான். நெகட்டிவ் கவர் மேல நம்பர் மாத்தி எழுதிட்டா ஒரு கல்யாணமே காணாமப் போயிடும். செவ்வாய்ல ஓடுற ரோவர் வண்டிங்க அனுப்புற படங்களோட நீளமான கோப்புப் பெயரைப் பார்த்ததும் மத்தவங்களுக்குத் தலை சுத்துச்சு, எனக்கு அந்தக் கவர்தான் ஞாபகம் வந்துச்சு. வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கேன். பெயர்ல இருக்கிற ஆங்கில எழுத்துகளை இங்கே உச்சரிப்பாவே எழுதுறேன்.

அஸ்தம்பட்டி, கல்லூரி மாணவி: பெர்சிவியரன்ஸ் ரோவர் எடுத்த படம் ஒன்னு இறக்கினேன். இசட்எல்0_0002_0667131195_000இபிஒய்_என்0010052ஏயுடி_04096_00_2ஐ3ஜே01. எங்கேயிருந்து படிக்கணும்?

இடப்பக்கத்துல இருந்து வாம்மா. இசட் மாஸ்ட்கேம்-இசட் கேமரா, எல் இடது கண். 0 வடிகட்டி எண், அதாவது சாதாரணக் கலர். 0002 அங்கத்திய நாள். அதை சோல்னு சொல்றோம், 24 மணி 39 நிமிஷம் 35 வினாடி. அடுத்த பத்து இலக்கம் ரோவரோட கடிகாரம், வினாடிக் கணக்கு. அதை ஒட்டின 000 மில்லி வினாடி. இபிஒய் பதிவோட வகை: சென்சார்ல விழுந்த பேயர் கட்டம் (சிவப்பு, பச்சை, நீலப் புள்ளி மாறி மாறி இருக்கிற கட்டம்) பிரிக்காத சரக்கு. என் இருந்தா முழுப்படம், அந்த இடத்துல டி இருந்தா தம்ப்நெயில், அதாவது சின்ன மாதிரிப் படம். 001 தளம், 0052 அந்தத் தளத்துக்குள்ள இருக்கிற நிலை எண். ஐம்பத்திரண்டு மீட்டர் ஓடிடுச்சுன்னு படிச்சிடாதே. ஏயுடி_04096 படம் எடுக்கச் சொன்ன கட்டளைத் தொடர். கடைசியில 2 எந்த அளவுக்குச் சுருக்கினாங்கங்கிறதுக்கான குறியீடு, ஐ3 அமுக்கின விதம், ஜே தயாரிச்ச இடம், 01 பதிப்பு. 01, 02 ரெண்டும் கிடைச்சா 02-ஐ எடுத்துக்கோ.

அதே மாணவி: அந்தப் பத்து இலக்கத்தை யூனிக்ஸ் நேரம் (கணினிங்க வினாடியா எண்ணுற நேரம்) மாத்துற இணையதளத்துல போட்டா 1991 பிப்ரவரி 21 வருது!

அந்த இணையதளம் 1970-லிருந்து எண்ணுது. ரோவர் கடிகாரம் 2000 ஜனவரி 1 நண்பகலை ஒட்டி ஆரம்பிக்குது. முப்பது வருஷம் பின்னால தள்ளிட்டே. 667131195-ஐ ஒரு நாளோட வினாடியான 86,400-ஆல வகுத்துப் பாரு, 7721 நாளும் பத்து மணி நேரமும் வரும். 2000-லிருந்து எண்ணினா 2021 பிப்ரவரி 20 இரவு, உலகப் பொது நேரம் சுமார் 10 மணி 12 நிமிஷம். சேலத்துல விடிஞ்சா 21, மணி மூணே முக்கால், பால் வண்டி வர்ற நேரம். ரோவர் இறங்கினது பிப்ரவரி 18. இறங்கின நாளை சோல் 0-ன்னு வெச்சா 0002 சரியாப் பொருந்துது பாரு. பெயருக்குள்ளேயே ரெண்டு கணக்கு ஒன்னை ஒன்னு சரிபாக்குதே, அதுதான் எனக்குப் பிடிச்சது.

சூரமங்கலம்: பெயர் ரொம்ப நீளம்னு "செவ்வாய் 1, செவ்வாய் 2"ன்னு மாத்தி வெச்சிருக்கேன். தப்பா?

தப்பு. நானும் முதல் மாசம் முந்நூறு படத்தை அப்படித்தான் மாத்தினேன். எது இடது கண், எது வலது கண்ணுன்னு தெரியாம ஒரு முப்பரிமாணப் படம்கூட ஒட்ட முடியலை. எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி இறக்கினேன். ஃபோல்டருக்குப் பெயர் வையுங்க, கோப்பைத் தொடாதீங்க.

ஓமலூர்: வாட்ஸ்அப்ல வந்த படம், பெயர் "ஐஎம்ஜி"ன்னு ஆரம்பிக்குது. எந்த ரோவர்?

வாட்ஸ்அப் ரோவர்.

மேட்டூர்: படத்துல சிலை மாதிரி ஒன்னு தெரியுது. பெயர்ல என்0010052 இல்லை, டி-ன்னு இருக்கு.

தம்ப்நெயிலை எட்டு மடங்கு பெரிசாக்கினா விநாயகரும் தெரிவார். தம்ப்நெயில்தான் முதல்ல இறங்கும், முழுப்படம் பின்னால வரும். அதே கடிகார எண்ணுல என் வர்ற வரைக்கும் பொறுங்க.

கொண்டலாம்பட்டி: பழைய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ரோவர் படத்துல முதல் எழுத்து 1 அல்லது 2. 1 ஸ்பிரிட்தானே?

இல்லை. 2 ஸ்பிரிட், 1 ஆப்பர்ச்சூனிட்டி. 2பி-ன்னு ஆரம்பிச்சா ஸ்பிரிட்டோட பான்கேம், அகலக் காட்சி எடுக்கிற கேமரா. 1என்-னா ஆப்பர்ச்சூனிட்டியோட நேவ்கேம், வழி பார்க்கிற கேமரா.

கொண்டலாம்பட்டி: ஸ்பிரிட்தான் 2004 ஜனவரி 4 முதல்ல இறங்குச்சு. ஆப்பர்ச்சூனிட்டி 25-ம் தேதி. எப்படிங்க 2 ஆகும்?

எண் போட்டது வண்டி கட்டின பட்டறையில. ரெண்டாம் எண் வண்டி முதல்ல கிளம்பிடுச்சு. ஸ்டுடியோவுல ஆர்டர் புக் நம்பர் ஒன்னு, டெலிவரி வரிசை வேற.

இளம்பிள்ளை: அண்ணே, ஸ்பிரிட்டை ஏ-ன்னும் ஆப்பர்ச்சூனிட்டியை பி-ன்னும் எழுதுறாங்களே. ஏ-ன்னா 1 இல்லையா?

ஏ, பி பயண வரிசை. 1, 2 வண்டி எண். ஏ 2, பி 1. இதுல குழம்பாதவங்க யாரும் இல்லை.

கொண்டலாம்பட்டி: அப்போ நாசாவே தப்புப் பண்ணியிருக்கு.

ஏங்க, வீட்டுல ரெண்டாவது பொண்ணுக்கு முதல்ல கல்யாணமானா அவ மூத்தவளாயிடுவாளா?

இளம்பிள்ளை: ரேஷன் கார்டுல அவளுக்குத்தான் முதல்ல பேர் நீக்குவாங்க!

சரி, ரெண்டு பேரும் டீ குடிச்சுட்டு வாங்க. (இதுக்குப் பிறகு இதே விஷயத்துல பதினோரு கேள்வி வந்துச்சு. பதில் எல்லாத்துக்கும் ஒன்னுதான்: 2 ஸ்பிரிட்.)

ஆத்தூர்: கியூரியாசிட்டி ரோவர் படத்துல என்எல்ஏ, என்எல்பி ரெண்டும் இருக்கே?

இடது நேவ்கேம் ரெண்டு இருக்கு. ரோவர்ல இருக்கிற ரெண்டு கணினியில ஏ கணினியோட ஒன்னு, பி கணினியோட ஒன்னு. 2013 பிப்ரவரியில ஏ பக்கத்து நினைவகம் மக்கர் பண்ணுச்சு, பி-க்கு மாத்தினாங்க. எழுத்து மாறுற இடத்தைப் பார்த்தாலே அந்தக் கலவரம் தெரியும்.

கருப்பூர், மேக்னசைட் சுரங்கத்துல வேலை பார்த்தவர்: பெர்சிவியரன்ஸ் இறங்கின ஜெசீரோ பள்ளத்துல கார்பனேட் இருக்காமே. நம்ம வெள்ளைக்கல்லா? பெயரை வெச்சுக் கண்டுபிடிக்கலாமா?

பெயர் கல்லைச் சொல்லாதுங்க ஐயா. கேமரா, நேரம், இடம், அவ்வளவுதான். ஆனா கேள்வி அருமை. சேர்வராயன் அடிவாரத்துல ஆலிவின்ங்கிற பச்சைக் கனிமம் நிறைஞ்ச பாறை, தண்ணியும் கரியமில வாயுவும் பட்டு, வெள்ளை நரம்பு நரம்பா மேக்னசைட் ஆச்சு. நீங்க வெட்டி எடுத்தது அதைத்தான். ஜெசீரோவுலயும் ஆலிவினும் மெக்னீசியக் கார்பனேட்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கிறதை, சுத்தி வர்ற விண்கலம் முன்னாலேயே பார்த்திருந்துச்சு. சமையல் ஒன்னுதான், அடுப்பு வேற. எல்ஆர்-ன்னு ஆரம்பிக்கிற படங்களைத் தேடுங்க, அது பெர்சிவியரன்ஸ்ல இருக்கிற சூப்பர்கேம் கருவியோட தூரக் கண். பாறையோட அமைப்பு பக்கத்துல தெரியும். உங்க கண்ணுக்கு என்ன படுதுன்னு எழுதுங்க, எனக்கு ஆசையா இருக்கு.

சூரமங்கலம்: ஒரே ஒரு படத்துக்கு மட்டும் பெயரை மாத்திக்கலாமா?

வேண்டாம்.

ஏற்காடு, பள்ளி மாணவன்: இசட்எல் இருக்கு, அதே கடிகார எண்ணுல இசட்ஆர் இல்லை. தொலைஞ்சு போச்சா?

இல்லை கண்ணு. ரெண்டு கண்ணும் சேர்ந்து எடுத்தாலும், ரெண்டு படமும் ஒரே நேரத்துல பூமிக்கு இறங்கணும்னு இல்லை. எண்ணைக் குறிச்சு வெச்சுக்கிட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சுப் பாரு. வந்ததும் சிவப்பு-நீலக் கண்ணாடி போட்டுப் பார்க்கிற மாதிரி ஒட்டிக் காட்டறேன். அனுப்பும்போது பெயரோட அனுப்பு.