மருந்து தொடங்கியதும் வெள்ளணு கூடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. நாள்பட்ட லிம்போசைட் வகை ரத்தப் புற்றுநோய், அதாவது சி.எல்.எல். தினமும் 420 மி.கி. இப்ரூட்டினிப் எடுக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. 70 ஆயிரமாக இருந்த வெள்ளணு இப்போது 1 லட்சத்து 40 ஆயிரம். மருந்தை நிறுத்திவிடலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இந்த ஏற்றம் பெரும்பாலும் மருந்து வேலை செய்வதால் வருவது.

இந்த நோயின் செல்கள் முக்கியமாகப் பெருகுவது நிணநீர்க் கட்டிகளிலும் எலும்பு மஜ்ஜையிலும்தான். அங்கே அவற்றைப் பிடித்து வைப்பவை ஒட்டு மூலக்கூறுகள். புற்றுசெல்லின் மேல் விஎல்ஏ-4, மஜ்ஜையின் தாங்கு செல்மேல் விகேம்-1. இவை கோத்துக்கொண்டிருக்கும்வரை புற்றுசெல் எளிதில் சாகாது, கீமோவுக்கும் மசியாது. இப்ரூட்டினிப் முடக்கும் பி.டி.கே. நொதிதான் அந்தப் பிடியை இறுக்குகிறது. பிடி தளர்ந்த செல்கள் ரத்தத்துக்கு வருகின்றன, எண்ணிக்கை ஏறுகிறது. மஜ்ஜையின் ஆதரவை இழந்து, போகப்போக ரத்தத்திலேயே மடிகின்றன.

ஏறக்குறைய மூவரில் இருவருக்கு முதல் மாதத்திலேயே இப்படி ஏறும். இறங்கப் பல வாரங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டும். அதுவரை எண்ணிக்கையை மட்டும் வைத்து நோய் முற்றியதாக மருத்துவர்கள் முடிவு கட்டுவதில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது கழுத்திலும் அக்குளிலும் உள்ள கட்டிகளை. அவை சுருங்கி, ஹீமோகுளோபினும் தட்டணுவும் குறையாமல் இருந்தால் நல்லது. கட்டி பெருத்தாலோ தட்டணு சரிந்தாலோ அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். எண்ணிக்கை 4 லட்சத்தைத் தாண்டினாலோ, மூச்சுத்திணறல், கண் மங்கல், குழப்பம் வந்தாலோ அன்றே போக வேண்டும்.

மருந்தை இடையில் விட்டால் செல்கள் மறுபடி கட்டிகளுக்குள் குடியேறி, சில நாட்களிலேயே வீக்கம் திரும்பக்கூடும். பல் பிடுங்குவது, அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு, ரத்தக்கசிவு அபாயத்தால், முன்னும் பின்னும் 3 முதல் 7 நாள் நிறுத்தச் சொல்வார்கள். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கிரேப்ஃப்ரூட் பழம் வேண்டாம். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதிக் கொடுத்தால் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள். படபடப்பு வந்தால் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கும் சி.எல்.எல்.தான். என் ரிப்போர்ட்டில் ‘சிடி49டி 45 சதவீதம்’ என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: சிடி49டி என்பது மேலே சொன்ன விஎல்ஏ-4இன் ஒரு பாதி. 30 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பாசிட்டிவ். இவர்களுக்கு நோய் சற்று வேகமாகப் போகும் என்பது உண்மை. இப்ரூட்டினிப் கொடுத்தாலும் பிடி முழுதாக விடுவதில்லை. எனவே வெள்ளணு குறைவாகவே ஏறும், கட்டியும் மெதுவாகத்தான் கரையும். எண்ணிக்கை ஏறவில்லையே என்று திருப்திப்பட்டுவிடாமல், கட்டியின் அளவை ஒவ்வொரு முறையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.