‘பி’யில் செல்ஃப் எடுக்காத கார்

கேள்வி: வணக்கம் சார். என்னுடையது 2016 மாடல் ஆட்டோமேட்டிக் கார், டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தினமும் மாரத்தஹள்ளிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். இரண்டு வாரமாக லிவரை ‘பி’யில் (பார்க்கிங்) வைத்துச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுப்பதில்லை, ‘என்’னுக்கு (நியூட்ரல்) தள்ளினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. மழை பெய்த மறுநாள் தொல்லை அதிகம். மீட்டரில் ‘பி’ எழுத்து சில நேரம் மறைந்துவிடுகிறது, ரிவர்ஸ் லைட்டும் எரிந்தால் உண்டு. ஓடும்போது கியர் மாறுவதில் ஒரு குறையும் இல்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணனோ, சுவிட்சுக்குப் போகும் இரண்டு ஒயரைச் சேர்த்து முறுக்கிவிட்டால் போதும் என்கிறார்.

– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: முதலில் அந்த ஒயர் முறுக்கும் வேலையை யாரையும் செய்ய விடாதீர்கள், சகோதரி. ‘பி’யிலும் ‘என்’னிலும் மட்டும் செல்ஃப் எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த சுவிட்சே இருக்கிறது, அதைத் தாண்டி ஒயரைச் சேர்த்துவிட்டால் லிவர் ‘டி’யிலோ (டிரைவ்) ‘ஆரி’லோ (ரிவர்ஸ்) இருக்கும்போதும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகி வண்டி பாய்ந்துவிடும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் குழந்தைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருப்பார்கள், நினைத்துப் பாருங்கள்.

கியர்பாக்ஸையும் இப்போதைக்கு இறக்க வேண்டாம். பாதிக் கண்டுபிடிப்பு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ‘என்’னில் உடனே ஸ்டார்ட் ஆகிறது என்றால் பேட்டரி, செல்ஃப் மோட்டார் இரண்டின் மேலும் சந்தேகப்பட வேண்டியதில்லை. கியர் ஒழுங்காக மாறுகிறது, அதனால் உள்ளே பெரிய கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. செல்ஃப், மீட்டர் எழுத்து, ரிவர்ஸ் லைட் ஆகிய மூன்றும் சேர்ந்து தகராறு செய்கின்றன, மூன்றுக்கும் தகவல் போவது ஒரே இடத்திலிருந்துதான். மெக்கானிக்குகள் அதை நியூட்ரல் சுவிட்ச், இன்ஹிபிட்டர் சுவிட்ச் என்பார்கள். பெரும்பாலான கார்களில் அது கியர்பாக்ஸின் வெளிப்பக்கத்தில், லிவரிலிருந்து வரும் கேபிள் சேரும் தண்டின் மேல் உட்கார்ந்திருக்கும் (சில மாடல்களில் மட்டும் உள்ளே இருக்கும், அப்போது ஆயிலை வடித்துப் பிரிக்க வேண்டும்). வெளியே இருப்பதால்தான் தண்ணீர் அதைத் தேடிப் போகிறது. 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு பெல்லந்தூர் பக்கம் எப்படி மூழ்கியது என்று உங்களுக்கே தெரியும், நீங்கள் வாங்குவதற்கு முன்பு இந்த வண்டி எந்தத் தண்ணீரில் நின்றதோ.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். வண்டிக்கு முன்னும் பின்னும் ஆள் இல்லாத இடத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, லிவரை ‘பி’யிலேயே இன்னும் கொஞ்சம் முன்னால் அழுத்திப் பிடித்தபடி சாவியைத் திருப்புங்கள். ஸ்டார்ட் ஆனால் கேபிள் தளர்ந்திருக்கலாம், கேபிள் முனையின் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது சுவிட்சே கொஞ்சம் நகர்ந்திருக்கலாம். லிவர் ‘பி’ என்று காட்டினாலும் தண்டு அந்த இடத்துக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்திருக்காது.

அப்புறம் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போங்கள். பி0705 அல்லது பி0706 என்று எரர் கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) வந்தால் வழி இதுதான் என்று உறுதியாகும். கோடு வராவிட்டாலும் விட வேண்டாம், லைவ் டேட்டாவைத் திறந்து வைத்து லிவரை ஒவ்வோர் இடமாக நகர்த்தச் சொல்லுங்கள், கை வைத்திருக்கும் இடமும் ஸ்கிரீன் காட்டுவதும் எங்கே முரண்படுகிறது என்று உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். அடுத்து கனெக்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும், பின்களில் பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவைத்து மாட்டினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். அப்படியும் ஆகாவிட்டால் சுவிட்சின் போல்ட்டைத் தளர்த்தி, லிவரை ‘என்’னில் வைத்து, சுவிட்சில் இருக்கும் நியூட்ரல் குறியோடு தண்டின் கையை நேர்ப்படுத்தி இறுக்க வேண்டும். இதற்கும் அடங்காத பிறகுதான் புது சுவிட்ச். ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் வாங்குவதாக இருந்தால் பழைய சுவிட்சைக் கையில் எடுத்துப் போய் பார்ட் நம்பரை ஒப்பிட்டு வாங்குங்கள், கழற்றி விற்கிற பழைய சாமான் இதற்கு வேண்டாம், அதுவும் தண்ணீர் குடித்ததாக இருக்கலாம். சில கார்களில் புது சுவிட்ச் மாட்டியதும் ஸ்கேனர் மூலம் இடங்களைக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும்.

வேலை முடிந்து மெக்கானிக்கிடமிருந்து வண்டியைத் திரும்ப எடுக்கும்போது காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காமல் ‘ஆர்’, ‘டி’ இரண்டிலும் சாவியைத் திருப்பிப் பாருங்கள், செல்ஃப் எடுக்கவே கூடாது. ஒரு தடவை எடுத்தாலும் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மறுபடி சரிசெய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: என் ஆட்டோமேட்டிக் காரில் ‘பி’யே இல்லையே? – ஒரு வாசகர், கே.ஆர். புரம்

பதில்: உங்களுடையது பெரும்பாலும் ஏஎம்டியாக (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்) இருக்கும். 2014இல் மாருதி செலேரியோவோடு நம் ஊருக்கு வந்த வகை, சாதாரண மேனுவல் கியர்பாக்ஸின் மேல் கிளட்சையும் கியரையும் இயக்கும் கருவியைப் பொருத்தியது. ‘என்’னில் வைத்துப் பிரேக்கை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். ஆகாவிட்டால், பிரேக்கை மிதிக்கும்போது பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று ஒருவரை நின்று பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் ஃபியூஸையும் பெடலுக்கு மேலே இருக்கும் சின்ன சுவிட்சையும் முதலில் பார்க்கட்டும்.