உப்புக்காற்றுக்கு நின்று பிடிக்கிற நொசில் எது?

கச்சான் காற்று தொடங்கியதும் எனக்கு வரும் கடிதங்களும் மாறிவிடும். மாரியில் கூரை ஒழுக்கும் சுவர்ப் பூஞ்சணமும் பற்றி எழுதியவர்கள், வைகாசி பிறந்தால் தண்ணீர் விடுகிற கதைக்கு வந்துவிடுவார்கள். இந்த முறை மேசையில் கிடந்த கடிதங்களில் பாதி ஹோஸ் பைப்பின் நுனியில் மாட்டுகிற நொசிலைப் பற்றியவை. துறைமுகத்தில் ஒரு பட்டறையில் முப்பத்தொரு வருஷம் பிட்டராக இருந்தவனுக்கு இது வாய்க்குப் பிடித்த விஷயம். கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் நாலு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். முற்றத்துச் செவ்வரத்தைக்கும் புல்லுக்கும் தண்ணீர் விட ஒரு வருஷத்துக்குள் மூன்று நொசில் வாங்கிவிட்டேன். மூன்றாவதைப் பித்தளை என்று சொல்லி விலை கூட்டித் தந்தார்கள். அதன் விசையும் இறுகிவிட்டது. எதைத்தான் வாங்குவது?
– வாசகி, நிலாவெளி

தங்கச்சி, அந்த மூன்றாவதை இப்போதைக்கு எறியாதீர்கள். திருகி மாட்டுகிற புரி இருக்கிற உள்பக்கத்தில், வெளியே தெரியாத இடமாகப் பார்த்து, ஒரு பழைய கத்தியால் சுரண்டுங்கள். உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை. சாம்பல் நிறம் தெரிந்தால், துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே மஞ்சள் ஏற்றிய சாமான். கையில் தூக்கினால் இரண்டும் பாரம்தான். காந்தமும் இரண்டிலும் ஒட்டாது. நானே இதில் ஏமாந்திருக்கிறேன். பெரிய பிட்டர் என்ற நினைப்பில் கடையில் வைத்துக் காந்தத்தை எடுத்துக் காட்டி, "பார் தம்பி, ஒட்டவில்லை, இதுதான் பித்தளை" என்று விற்கிற பிள்ளைக்கே பாடம் எடுத்து வாங்கி வந்தது, ஆறு மாதத்தில் புரியெல்லாம் வெள்ளைப் பொடி கக்கியது. அந்தப் பொடிதான் துத்தநாகத்தின் துரு.

கப்பலின் அடியில், சுக்கானுக்குப் பக்கத்தில், துத்தநாகக் கட்டிகளை நாங்களே வேண்டுமென்று பொருத்துவோம். கடல்நீர் இரும்பில் வாய் வைக்காமல் அந்தக் கட்டியைத் தின்னட்டும் என்பது கணக்கு. தின்னக் கொடுப்பதற்கென்றே வைக்கிற உலோகம் அது. அதில் நொசில் வார்த்து நிலாவெளியில் விற்றால் எத்தனை நாளைக்கு நிற்கும்?

பித்தளைக்கும் அழிவு உண்டு. செம்போடு துத்தநாகம் சேர்ந்ததுதான் அது. குழாய்ச் சாமான்களுக்குப் பாவிக்கிற பித்தளையில் நூற்றுக்கு நாற்பது பங்கு வரையில் துத்தநாகம் இருக்கும். உப்பேறிய கிணற்றுத் தண்ணீர் வருஷக்கணக்காக ஓடினால் துத்தநாகம் மட்டும் கரைந்து போய், செம்பு சல்லடைபோல் மிஞ்சும். மஞ்சள் நொசிலில் இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரிந்தால் இந்த வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆனால் அதற்கு நல்ல காலம் செல்லும். உப்புவெளியில் என் வளவில் இருக்கிற பித்தளை நொசிலை 2011 இல் வாங்கினேன். இன்றைக்கும் வேலை செய்கிறது. வடிவு போய்விட்டது, அவ்வளவுதான்.

சரி, எந்த வகை? துப்பாக்கிபோல் விசை வைத்து, முகத்தில் எட்டு விதமாகத் தண்ணீர் வரும் என்று போட்டிருப்பதை விட்டுவிடுங்கள். அதற்குள் சுருள்வில், ஊசி, தண்டு, சுழல்கிற தட்டு என்று ஒரு குடும்பமே இருக்கிறது. அதில் சுருள்வில் மட்டமான இரும்பாக இருந்தால் முதலில் போவது அதுதான். உங்களுடைய விசை இறுகியதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். எட்டு விதத்தில் நீங்கள் எத்தனையைப் பாவித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். என் மனைவி பாவிப்பது இரண்டு. ஒன்று செடிக்கு, மற்றது எதிர்வீட்டுப் பூனைக்கு.

நீட்டாக, விரல் மொத்தத்தில், திருகித் திறக்கிற பித்தளை நொசில் ஒன்று கடைகளில் தொங்கும். பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். இரண்டு துண்டுப் பித்தளை, நடுவில் ஒரு ரப்பர் வளையம், வேறொன்றும் இல்லை. கொஞ்சம் திருகினால் தூவல், இன்னும் திருகினால் பீச்சல், மற்றப் பக்கம் முழுக்கத் திருகினால் பூட்டு. வளையம் தேய்ந்தால் மாற்றலாம். கடையில் அதை வாங்க முன் இரண்டு துண்டையும் கழட்டிக் காட்டச் சொல்லுங்கள். கழட்ட முடியாத சாமானைத் திருத்தவும் முடியாது.

இன்னொன்று. உங்கள் வீட்டில் நொசில் இரவு பகலாக ஹோஸ் பைப்பிலேயே கிடக்கும் என்று நினைக்கிறேன். விருந்தினர் காலில் ஒட்டிய மணலைக் கழுவுவதற்காக விட்டிருப்பீர்கள். கடற்காற்றில் நனைந்து, வெயிலில் காய்ந்து, ஒவ்வொரு முறையும் ஒரு படை உப்பு புரிக்குள் உறைகிறது. நான் கண்ட நொசில்களில் தண்ணீர் விட்டுத் தேய்ந்தது குறைவு, மாட்டியபடி கிடந்து போனதுதான் அதிகம். வேலை முடிந்ததும் முதலில் பைப்பைப் பூட்டுங்கள், அப்புறம் நொசிலைத் திறந்து உள்ளே நிற்கிற அழுத்தத்தை விடுங்கள், பிறகு கழட்டுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால், கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிற டவுன் தண்ணீரில் ஒருமுறை அலசி, உதறி, நிழலில் ஒரு ஆணியில் தொங்கவிடுங்கள். ஒரு நிமிட வேலை. விருந்தினருக்குக் கால் கழுவ வாசலில் ஒரு வாளியும் சிரட்டை அகப்பையும் வைத்தால் காணும். வெள்ளைக்காரர் அதைப் படமும் எடுப்பார்கள்.

மேல்தாங்கியிலிருந்து வருகிற தண்ணீருக்கு விலை கூடிய ஸ்பிரே கன் ஒன்று மாட்டினேன். தூறலே வரவில்லை, நுனியில் சொட்டுகிறது. கடைக்காரர் மாற்றித் தரவும் மறுக்கிறார். சாமான் பழுதுதானே?
– ஓர் ஆசிரியை, உவர்மலை

பழுது இல்லை டீச்சர். அந்தக் கடைக்காரரை இந்த ஒரு தடவை மன்னித்துவிடுங்கள்.

உங்கள் தாங்கி நிலத்திலிருந்து பதினைந்து அடி உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது நாலரை மீற்றர். பத்து மீற்றர் உயரத் தண்ணீர்தான் ஒரு பார் அழுத்தம் தரும். ஆக, உங்கள் பைப்பில் இருப்பது அரைப் பாருக்கும் குறைவு. பல விதமாகத் தூவுகிற துப்பாக்கிகளோ இரண்டு, மூன்று பாரை நம்பிச் செய்யப்பட்டவை. பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் அது போட்டிருக்கும். நொசில் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை, வருகிற அழுத்தத்தை வேகமாக மாற்றிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். எதை மாட்டினாலும் தாங்கியின் தண்ணீர் மட்டத்துக்கு மேல் உங்கள் பீச்சல் எழும்பாது.

உங்களுக்குப் பொருத்தம், பூவாளித் தலைபோல் அகலமாக, பெரிய துளைகளோடு இருக்கிற தலை. கத்தரிக்கும் வெண்டிக்கும் அதுதான் நல்லது. பீச்சினால் வேரடி மண் கிளம்பிவிடும். ஹோஸ் பைப்பை மாற்றுகிற காலம் வந்தால் அரை அங்குலத்துக்குப் பதிலாக முக்கால் அங்குலம் போடுங்கள், போகிற வழியில் வீணாகிற அழுத்தம் குறையும்.

யாராவது உங்களிடம், கிணற்று மோட்டரிலிருந்து நேரே ஹோஸை இழுங்கள் என்று சொல்வார்கள். இழுக்கலாம். ஆனால் அப்போது நுனியில் பூட்டுகிற நொசில் வேண்டாம். மோட்டர் ஓடும்போது நொசிலைப் பூட்டிவிட்டுப் பக்கத்து வீட்டு அக்காவோடு கதைக்க நின்றீர்களானால், தண்ணீர் போக வழியில்லாமல் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடேறும். சீல் உருகும், இல்லாவிட்டால் ஹோஸ் வெடிக்கும். அழுத்தம் ஏறினால் தானாக நிற்கிற சுவிட்ச் பூட்டிய மோட்டர் என்றால் பயமில்லை.

மகன் ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய பெட்டியில் அருமையான பித்தளை நொசில் ஒன்று வந்தது. இங்குள்ள பித்தளை முனையில் இரண்டு சுற்றுப் போகிறது, பிறகு நின்றுவிடுகிறது. குறட்டால் இறுக்கிவிடவா?
– வாசகர், லிங்கநகர்

வேண்டாம் அண்ணை, குறட்டைக் கீழே வையுங்கள்!

இரண்டும் முக்கால் அங்குலம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் நம் நாட்டுக் குழாய்ச் சாமான் பிரிட்டிஷ் புரி, ஓர் அங்குலத்துக்குப் பதினாலு சுற்று. கனடாவிலும் அமெரிக்காவிலும் தோட்டக் குழாய்க்குத் தனிப் புரி, அங்குலத்துக்குப் பதினொன்றரை. விட்டமும் அரை மில்லிமீற்றர் வித்தியாசம். அதனால்தான் முதல் இரண்டு சுற்று ஆசை காட்டிவிட்டுப் பிடித்துக்கொள்கிறது. குறடு போட்டால் இரண்டு புரியும் போகும். மகனிடம் இரண்டு புரியையும் சேர்க்கிற இணைப்பு ஒன்றை அடுத்த பெட்டியில் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் நொசிலோடு ஒன்றரை அடி ஹோஸையும் அங்கிருந்தே அனுப்பச் சொல்லி, அதை இங்குள்ள ஹோஸோடு நடுவில் ஒட்டுக் கொடுத்து, கிளிப் போட்டு இறுக்கலாம். வெட்டிய ஹோஸுக்குப் புரி தேவையில்லை.

நொசில் ஹோஸ் முனையோடு ஒட்டிப்போய்விட்டது. கழட்ட வழி உண்டா?
– வாசகர், சாம்பல்தீவு

நொசில் அலுமினியம், முனை பித்தளை, சரியா? இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டு நிற்க, நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால் அலுமினியம்தான் கரையும். கரைந்தது வெள்ளையாக வீங்கிப் புரியை அடைக்கும். கொதிநீரை வெளிப்புற அலுமினியத்தில் மட்டும் மெல்ல ஊற்றுங்கள். பித்தளையைவிட அது கொஞ்சம் கூடுதலாக விரியும். சூடு ஆற முன் துணி சுற்றி, இரண்டு குறடு பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். மூன்று தடவை முயன்றும் அசையாவிட்டால் நொசிலை வாளால் அறுத்து எடுங்கள், முனையாவது மிஞ்சும். அடுத்த முறை பித்தளைக்குப் பித்தளை. அல்லது நடுவில் பிளாஸ்டிக் இணைப்பு. பிளாஸ்டிக்கைக் கையால் மட்டும் இறுக்குங்கள், வெயிலில் காய்ந்தது வெடித்துவிடும்.

கசிவுக்குத் திரெட் சீல் சுற்றினேன், வாஸ்லினும் பூசினேன். நிற்கவில்லை.
– வாசகர், மூதூர்

நிற்காது தம்பி. ஹோஸ் புரியில் தண்ணீரை மறிப்பது புரியல்ல, உள்ளே படுத்திருக்கிற ரப்பர் வாஷர். அதை விரலால் நெண்டி எடுத்துப் பாருங்கள். நகம் பதியாத அளவுக்குக் கல்லாகியிருக்கும், அல்லது இல்லவே இருக்காது. ஒரு வாஷரின் விலை ஒரு பிளேன்ரீயை விடக் கூடாது. நான் பத்தாக வாங்கிப் போத்தலில் போட்டு வைப்பேன். வாஸ்லின் மண்ணெண்ணெய்க் குடும்பம், பலவகை ரப்பரை ஊதிப் பழுதாக்கும். பூசுவதென்றால் சிலிக்கன் கிறீஸ். கசிவை விட்டுவைக்கவும் வேண்டாம். பைப்படியில் கவிழ்க்காமல் விட்ட வாளியிலும் சிரட்டையிலும் சொட்டி நிற்கிற தண்ணீர் நுளம்புக்குக் காணும். 2017 இல் கிண்ணியா டெங்குவால் பட்ட பாடு மூதூரில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்.

பிள்ளைகள் விளையாடிவிட்டு வந்து நொசிலில் வாய் வைத்துக் குடிக்கிறார்கள். பரவாயில்லையா?
– தாய் ஒருவர், கிண்ணியா

கூடாது. சாதாரணப் பித்தளையைக் கடைய வசதியாக அதில் கொஞ்சம் ஈயம் சேர்ப்பார்கள். ஹோஸும் குடிநீருக்கென்று செய்ததல்ல. அதோடு மத்தியான வெயிலில் கிடந்த ஹோஸின் முதல் தண்ணீர் பிள்ளையின் தோலைச் சுடும் அளவுக்குச் சூடாக வரும். முதலில் நிலத்தில் ஓடவிட்டுப் பிறகு கொடுங்கள், அதுவும் விளையாட மட்டும்.

துளைகள் வெள்ளையாக அடைத்துப் பாதிதான் தண்ணீர் வருகிறது. ஊசியால் குத்தினால் சரிவருமா?
– வாசகி, அலஸ்தோட்டம்

ஊசி துளையைப் பெரிதாக்கிவிடும், பிறகு தண்ணீர் கோணலாகப் போகும். அது கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு. ஒரு கோப்பையில் வினாகிரி விட்டு அரை மணித்தியாலம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் தூரிகையால் தேயுங்கள். வினாகிரி இல்லையென்றால் தேசிக்காய்ச் சாறும் உதவும், நேரம்தான் கூடச் செல்லும். பித்தளையை இரவு முழுக்க ஊறவிடாதீர்கள், மேலே சொன்ன இளஞ்சிவப்பு வந்துவிடும். மணல் வருகிற கிணறு என்றால் வாஷரோடு சேர்ந்த கம்பிவலை கிடைக்கும், அதைப் போடுங்கள். மாதம் ஒருமுறை எடுத்துக் கழுவினால் சரி.

ஊறவைத்த வினாகிரியைச் செடியடியில் ஊற்றாதீர்கள். நான் ஊற்றினேன். நல்லாய்க் காய்த்துக்கொண்டிருந்த பச்சைமிளகாய்க் கன்று, மனைவி நட்டது. அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சம்பலில் உறைப்பே கிடைக்கவில்லை.