ஃப்ளூரோஸ்கோப் என்ற பெயர் எப்படி வந்தது?

ஆஸ்பத்திரியில் ஃபிலிமைச் செருகிப் பார்க்கிற விளக்குப் பெட்டி இல்லை இது. எக்ஸ்ரே பட்டால் ஒளிரும் திரை வழியாக, உடம்புக்குள் அசைவதை அப்போதே பார்க்க உதவும் கருவி. இப்படிப்பட்ட ஒளிர்வுக்கு, ஃப்ளோர்ஸ்பார் என்ற கனிமத்தை வைத்து ஃப்ளோரசன்ஸ் என்று 1852-இல் பெயரிட்டவர் இயற்பியலாளர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ். அதோடு பார்ப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த 'ஸ்கோப்' சேர்ந்தது, அவ்வளவுதான். 1896-இல் இத்தாலியில் சால்வியோனி என்ற இயற்பியலாளர் இதே மாதிரி ஒன்றைச் செய்து கிரிப்டோஸ்கோப் என்றார் (மறைந்திருப்பதைக் காட்டுவது, எனக்கென்னவோ இதுதான் அழகான பெயர்), ஆனால் அதே வருடம் எடிசன் கால்சியம் டங்ஸ்டேட் பூசிய திரையோடு, முகத்தை ஒட்டிப் பிடித்துப் பார்க்கும் பெட்டியாகக் கொண்டுவந்த ஃப்ளூரோஸ்கோப்தான் நிலைத்தது. சோதனைகளில் தன் கைகளையே கதிருக்குக் காட்டிவந்த அவருடைய உதவியாளர் கிளாரன்ஸ் டாலி 1904-இல் புற்றுநோயால் இறந்தார். டாலி நோயில் விழுந்ததைப் பார்த்தே எடிசன் எக்ஸ்ரே வேலையை விட்டுவிட்டிருந்தார்.