எடைக்குப் போகுமா, குப்பைக்குப் போகுமா? – கேள்வி பதில்

கிருஷ்ணகிரியில் 19 ஆண்டுகளாகப் பழைய பேப்பர், பிளாஸ்டிக், இரும்பு வாங்கி விற்கிறேன். வீட்டில் சேரும் கழிவைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். கிலோ என்ன விலை என்று மட்டும் கேட்காதீர்கள். காலையில் சொன்ன விலை மாலையில் நிற்பதில்லை.

தர்மபுரி, நெசவாளர் காலனி: அண்ணா, பால் கவரைக் கழுவித்தான் போட வேண்டுமா?

ஆமாம் தங்கச்சி. அலசி, கவிழ்த்துக் காயவைத்துக் கட்டிவையுங்கள். கழுவாத மூட்டை மூன்றாம் நாளே நாறும். பிரிக்கிற பெண்கள் அதைத் தள்ளிவைத்துவிடுவார்கள். இன்னொன்று: மூலையை முழுவதும் துண்டித்துவிடாதீர்கள், கவரோடு ஒட்டிக்கொண்டே இருக்கட்டும். அந்த முக்கோணத் துணுக்கை யாரும் குனிந்து பொறுக்கமாட்டார்கள். சாக்கடைக்கோ மாட்டின் வயிற்றுக்கோதான் போகும்.

ஒசூர்: நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்களே, பிறகு எதற்குப் பிரிக்க வேண்டும்?

மட்கும் குப்பை, மட்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயக் குப்பை என மூன்றாகப் பிரித்துத் தரவேண்டும் என்றன 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள். கலந்து கொட்டுவதைக் கண்ணால் பார்த்தால் வார்டு உறுப்பினரிடம் சொல்லுங்கள். நீங்கள் கலந்து கொடுத்தாலும் எங்கோ ஒருவர் கையால் கிளறித்தான் பிரிக்கிறார். சாம்பாரில் ஊறிய அட்டை என் கடைக்கு வந்தால் எனக்கும் குப்பைதான். உலர்ந்ததை ஒரு சாக்கில் சேர்த்து மாதம் ஒருமுறை எடைக்குப் போடுங்கள். வண்டியைப் பற்றிய கவலையே வேண்டாம்.

பர்கூர்: சிப்ஸ் பாக்கெட்?

எடைக்குப் போகாது. பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒட்டிய அடுக்குகள். யாராலும் உரிக்க முடியாது. சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போனால் உண்டு.

பாலக்கோடு: பேப்பர் கப்பைப் பழைய பேப்பரோடு போடலாமா?

கூடாது. உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்ட பொருள்களில் அதுவும் ஒன்று.

காவேரிப்பட்டணம்: மாம்பழ சீசனில் தோலும் கொட்டையும் கூடை கூடையாகச் சேர்கின்றன. உரக்குழியில் போடலாமா ஐயா?

நம் ஊர்க் கேள்வி! தோலைத் தாராளமாகப் போடுங்கள். நடுநடுவே காய்ந்த சருகு போட்டால் ஈ மொய்ப்பது குறையும். கொட்டையைப் போடாதீர்கள், மேலோடு கட்டை மாதிரி. மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். காயவைத்தால் அடுப்புக்கு ஆகும். இல்லையென்றால் காயவிடாமல் உடனே மண்ணில் ஊன்றுங்கள், காய்ந்துபோனால் முளைக்காது. சந்தூர்ப் பக்கம் நாற்றங்கால் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், கொட்டையில் முளைத்த கன்றின் மேல்தான் நல்ல ரகத்தை ஒட்டுக் கட்டுகிறார்கள்.

அரூர்: தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றிவிட்டுப் போடவேண்டுமா?

வேண்டாம். நசுக்கிவிட்டு மூடியைத் திருகிக் கொடுங்கள். தனியாகப் போட்டால் அதுவும் பால் கவர் மூலை மாதிரித் தொலைந்துபோகும்.

ஒசூர், அச்சு வார்ப்புத் தொழிலில் இருப்பவர்: ஐயா, தவறான ஆலோசனை. பாட்டில் ஒரு பிளாஸ்டிக், மூடி வேறு பிளாஸ்டிக். கலந்தால் இரண்டும் கெடும்.

வேறு வேறுதான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டிலைத் துண்டு துண்டாக அரைத்துத் தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார்கள். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் பாட்டிலின் பெட் (PET) பிளாஸ்டிக் 1.38, மூழ்கும். மூடி 0.9 முதல் 0.97 வரை, மிதக்கும். மேலே இருப்பதை வழித்து எடுத்தால் தீர்ந்தது. இன்று இரவே ஒரு வாளியில் போட்டுப் பாருங்கள். உண்மையான வில்லன் சில பாட்டில்களை இறுகப் பிடித்திருக்கும், பிவிசி (PVC) என்ற வேறு பிளாஸ்டிக்கால் ஆன லேபிள். அதுவும் மூழ்கும், பெட்டோடு சேர்ந்தே போகும். பெட் உருக 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பிவிசி அதற்கு வெகுமுன்பே கருகி அமிலப் புகை விடும், முழுச் சரக்கும் பழுப்பேறும். மூடியோடு சண்டை போடுகிறவர்கள் லேபிளைக் கிழிப்பதில்லை!

அதே ஒசூர்க்காரர்: தொட்டி வசதி இல்லாத சிறிய ஆலைகள்?

அந்த வசதி இல்லாதவர்கள் கையால் பிரிக்கிறார்கள். அப்போதும் மூடி பாட்டிலோடு வந்தால்தானே பிரிக்க முடியும்?

பென்னாகரம்: கொசு விரட்ட பிளாஸ்டிக்கைக் கொளுத்தலாமா?

கொசுவுக்கு முன்னால் உங்கள் குழந்தைகள் இருமுவார்கள். வேண்டாம்.

கிருஷ்ணகிரி: பால் கவரை...

முதல் பதிலைப் படியுங்கள். மூலையையும் சேர்த்துப் படியுங்கள்.

ஊத்தங்கரை: உப்பிப்போன செல்போன் பேட்டரி?

குத்தாதீர்கள், நசுக்காதீர்கள், வண்டியில் போடாதீர்கள், தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் கையில் கொடுங்கள். பழைய வகை டியூப் லைட்டையும் உடைக்காமல் கொடுங்கள், உள்ளே பாதரசம்.

தர்மபுரி: அண்ணா, பால் கவர் கிலோ என்ன விலை?

அடுத்த கேள்வி.

மறுபடியும் ஒசூர்க்காரர்: வாளியில் போட்டுப் பார்த்தேன். மூடி மிதந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் வீட்டுப் பாட்டிலின் லேபிளும் மிதந்ததே?

அப்படியானால் அது பிவிசி இல்லை, தொட்டியிலேயே பிரிந்துவிடும். மூழ்கினால்தான் சந்தேகம். பழுக்கக் காய்ச்சிய செம்புக் கம்பியை லேபிளில் தொட்டுத் தீயில் காட்டினால், பிவிசிக்குச் சுடர் பச்சையாக எரியும். வீட்டில் செய்யாதீர்கள், புகை கெட்டது. கிருஷ்ணகிரிப் பக்கம் வரும்போது நான்கைந்து லேபிள் கொண்டுவாருங்கள், கடை வாசலில் வைத்துப் பார்த்துவிடலாம்.